"அண்ணே, பேரல் சரியில்ல": பத்து மீட்டர் ஏர் ரைபிளில் சிதறல் வந்தால் எங்கே பார்ப்பது

புது ரைபிள் கைக்கு வந்து மூன்று வாரம் ஆவதற்குள் ஆள் வந்துவிடும். "அண்ணே, பேரல் சரியில்லண்ணே." கையில் ஓட்டை விழுந்த அட்டை ஒன்று இருக்கும். எத்தனை குண்டு சுட்டாய் என்று கேட்டால் ஐந்து என்பார்கள். எந்தப் பெல்லட் (ஈயக் குண்டு) டின் என்று கேட்டால், மேசையில் கிடந்தது என்பார்கள்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சனி ஞாயிறு பசியாறிவிட்டு சுடுதளத்துக்குப் போய்விடுவேன். கிளப் ரைபிள்களுக்கு ஸ்க்ரூ பார்ப்பது, பேரல் துடைப்பது, பிள்ளைகளுக்குப் பெல்லட் தேர்ந்து கொடுப்பது என் வேலை. பேரல் கெட்டது என்று இதுவரை என்னிடம் வந்தவற்றில் நிஜமாகவே கெட்டிருந்தது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் தளர்ந்த ஸ்க்ரூ, பொருந்தாத பெல்லட், காற்று அழுத்தம். அதற்கும் மேல், கோளாறே இல்லாமல் ஐந்து குண்டை வைத்துத் தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்தவர்கள் பாதிப் பேர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நாமே தோட்டா தயாரிக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வெடிமருந்து ரைபிள் வைத்திருப்பவர்கள் புது பேரலுக்கு ஏற்றபடி வீட்டிலேயே தோட்டா தயாரிப்பார்கள். மருந்தைத் துளித்துளியாகக் கூட்டிக் குறைத்துப் பேரலுக்குப் பிடித்த அளவைத் தேடுவார்கள். இங்கே அந்தப் பேச்சே வேண்டாம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஏர் ரைபிளே லைசென்ஸ் வேண்டிய ஆயுதம். உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் துப்பாக்கி என்றாலே முகம் மாறும். 1948 ஜூன் 16 அன்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதில்தான் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியது, அந்தப் பன்னிரண்டு வருடக் கதை இன்னும் வீடுகளில் ஓடுகிறது. அதனால் ரைபிள் கிளப்பின் பூட்டிய அறையைவிட்டு வெளியே வராது, லைசென்ஸில் எழுதியபடிதான் எல்லாம் நடக்கும்.

வெடிமருந்து ரைபிள்காரர்கள் மருந்தில் தேடுவதை நாம் பெல்லட்டில் தேடுகிறோம். எந்தக் கம்பெனி, எந்தத் தலை அளவு, எந்த லாட் நம்பர் (ஒரே தடவையில் அடித்த தொகுதியின் எண்) என்ற மூன்றும்தான் நம் கையில் இருப்பவை.

முதலில், எது சிதறல்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கீழே படிப்பதில் பயன் இல்லை. பத்து மீட்டர் ரைபிள் அட்டையில் நடுப் பத்து என்பது 0.5 மி.மீ. புள்ளி. பெல்லட் 4.5 மி.மீ. அதன் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0. அப்படியென்றால் பெல்லட்டின் மையம் அட்டையின் மையத்திலிருந்து 2.5 மி.மீ. வரை விலகலாம். ஒரு குரூப்பில், அதாவது ஒரே குறிக்குத் தொடர்ந்து சுட்ட குண்டுகளின் கூட்டத்தில், உள்ள ஓட்டைகளை வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்குக் காலிப்பரால் அளந்தால் 9.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதிலிருந்து பெல்லட்டின் 4.5ஐக் கழித்தால் 5 மி.மீ. இனி நான் குரூப் அளவு என்று சொல்வது இப்படிக் கழித்த அளவைத்தான்.

ஆனால் இப்போது தசமக் கணக்கு. ஒவ்வொரு கால் மி.மீ. விலகலுக்கும் 0.1 போகும், உச்சம் 10.9. இந்திய ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் பெயரைச் சொல்லிக்கொண்டு சேரும் பிள்ளைகளுக்கு வெறும் பத்து போதாது. பேரலும் பெல்லட்டும் மட்டும் 5 மி.மீ.யைத் தின்றுவிட்டால் பிள்ளையின் கைக்கு மிச்சம் எதுவும் இல்லை. மேசையில் மணல் பை வைத்துச் சுடும்போது பத்து குண்டுக்கு 2 முதல் 2.5 மி.மீ. வந்தால் நான் திருப்திப்படுவேன். தொழிற்சாலையில் ரைபிளை இறுக்கிப் பிடித்துச் சுட்ட அட்டை ஒன்று பெட்டிக்குள் வரும், ஒரே ஓட்டை போலத் தெரியும். அதைப் பார்த்து ஏங்க வேண்டாம். அது அவர்களுடைய லாட், அவர்களுடைய பிடி. ஆனால் தூக்கிப் போடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

பத்து குண்டு என்று ஏன் அடம்பிடிக்கிறேன்? ஒரே ரைபிள், ஒரே டின், ஒரே ஆள். ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். ஒரு குரூப் 1.5 மி.மீ. வரும், அடுத்தது 3 வரும். நடுவில் எதுவும் மாறியிருக்காது. சும்மா அதிர்ஷ்டம் அவ்வளவு ஆடும். முதல் ஐந்தைப் பார்த்தவர் "ஆகா, இந்த டின்தான்" என்பார்; இரண்டாவது ஐந்தைப் பார்த்தவர் பேரலைத் திட்டுவார். இரண்டு பேரும் ஒரே டின்னைப் பற்றிப் பேசுகிறார்கள். பத்தாகச் சுட்டால் குரூப் சராசரியில் கால் பங்கு பெரிதாகத்தான் தெரியும், ஆனால் ஆட்டம் குறையும். ஒரு டின்னுக்கு மூன்று பத்து சுட்டபிறகுதான் நான் வாயைத் திறப்பேன்.

அறிகுறி: வடிவமே இல்லாமல் நாலா பக்கமும் போகிறது

பெல்லட்டைத் தொடாதீர்கள். ஆலையில் பம்பு அதிர்ந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது அடித்தள போல்ட்டைத்தான், பேரிங்கைக் கழற்றுவது அப்புறம். இங்கும் அதே வரிசை.

ரைபிளின் போல்ட்டை, அதாவது குண்டு வைக்கும் இடத்தின் மூடியை, திறந்து உள்ளே குண்டு இல்லை என்று கண்ணால் பாருங்கள், காற்றுச் சிலிண்டரைக் கழற்றுங்கள். பிறகு கட்டையையும் இயந்திரத்தையும் இணைக்கும் ஸ்க்ரூ, டயாப்டரை (பின் சைட்டை) பிடித்திருக்கும் ஸ்க்ரூ, முன் சைட், அதற்குள் இருக்கும் வளையம், பேரலில் மாட்டிய எடைக்கட்டிகள். ஒவ்வொன்றையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். கையேட்டில் எவ்வளவு இறுக்கம் என்று இருந்தால் டார்க் ரெஞ்சில் அவ்வளவே வையுங்கள்; பலத்தைக் காட்டி முடுக்கினால் அலுமினிய மரை போய்விடும். சரியாக இறுக்கியதும் ஸ்க்ரூ தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை நகப்பாலிஷால் ஒரு மெல்லிய கோடு போடுவேன். அடுத்த வாரம் கோடு உடைந்திருந்தால் திருடன் யார் என்று தெரிந்துவிடும். ஆலையில் மோட்டார் போல்ட்டுக்கு வெள்ளைப் பெயிண்ட், இங்கே மகளுடைய நகப்பாலிஷ், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓட்டைகளின் வடிவத்தையும் பாருங்கள். தட்டைத்தலை பெல்லட் அட்டையை வட்டமாக வெட்ட வேண்டும். ஓட்டை ஒருபக்கம் நீண்டு முட்டை போலவோ, ஒரு பக்கம் கிழிந்தோ இருந்தால் பெல்லட் சாய்ந்து போகிறது. முன் சைட்டுக்காகப் பேரலின் முனையில் நீட்டுக்குழாய் மாட்டியிருந்தால் அதைக் கழற்றி உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஈயம் உரசிய சாம்பல் கோடு இருந்தால் குழாய் கோணலாக மாட்டப்பட்டிருக்கிறது. நேராக மாட்டினால் தீர்ந்தது.

அறிகுறி: குரூப் உருண்டையாக, ஆனால் பெரிதாக இருக்கிறது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பாரபட்சம் இல்லாமல் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருந்தால், ஸ்க்ரூவும் சரியாக இருந்தால், பேரலுக்கு இந்தப் பெல்லட் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

பத்து மீட்டர் பெல்லட்டுக்குத் தட்டைத் தலை, சிறுத்த இடுப்பு, பின்னால் விரிந்த மெல்லிய ஈயப் பாவாடை. தலை பேரலின் வரிகளில் வழுக்கிச் செல்கிறது. காற்று உள்ளே தள்ளும்போது பாவாடை விரிந்து அடைப்பைக் கொடுக்கிறது. தலை சிறிதானால் பேரலுக்குள் ஆடும். பெரிதானால் நுழையும்போதே ஈயம் நசுங்கும். டின்னின் பின்பக்கம் 4.49, 4.50, 4.51 என்று அச்சிட்டிருப்பது இந்தத் தலை அளவு. இரண்டு அளவுகளுக்கு நடுவே இருப்பது ஒரு மி.மீ.யில் நூற்றில் ஒரு பங்கு. அந்த எண்ணும் பெயரளவுக்குத்தான். உள்ளே இருப்பவை எல்லாம் மிகச்சரியாக அந்த அளவில் இருக்காது. "என் பேரல் 4.50 பேரல்" என்று ஒருவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னால் நான் தலையாட்டிவிட்டு, 4.49ஐயும் அவர் கையில் கொடுப்பேன்.

எண்ணைவிட முக்கியம் லாட் நம்பர். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே தலை அளவு, ஆனால் வேறு நாளில் வேறு அச்சில் அடித்தது என்றால் பேரலுக்கு அது வேறு பெல்லட். பெரிய போட்டியாளர்கள் ஐரோப்பாவில் தொழிற்சாலைக்கே ரைபிளைக் கொண்டுபோய் லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து வாங்குவது இதற்காகத்தான். நாம் ஈப்போவுக்குக் காடி ஓட்டிப் போவதே பெரிய காரியம். ஆகவே நம் முறை இது.

ரைபிள் பெல்லட் வகையில், ஏறக்குறைய 0.53 கிராம் எடையுள்ளதில், நான்கு அல்லது ஐந்து டின் திரட்டுங்கள். ஆர்.டபிள்யூ.எஸ், எச் அண்ட் என், ஜே.எஸ்.பி என்று கிளப்பில் யாரிடமாவது இருக்கும். ஆளுக்கு ஐம்பது குண்டு கடன் வாங்கினால் காசும் மிச்சம். கடன் வாங்கும்போதே லாட் நம்பரை எழுதிவைக்க வேண்டும். ஒருமுறை எங்கள் ஓய்வு பெற்ற கிராணி (தோட்டத்து எழுத்தர்) மாமா தம் டின்னிலிருந்து பெல்லட்டை ஒரு மைலோ டப்பாவில் கொட்டிக் கொடுத்தார். அந்த வருடம் நாங்கள் பார்த்ததிலேயே அழகான குரூப் அதில்தான் வந்தது. லாட் என்ன என்று கேட்டால் டின்னைக் குப்பையில் போட்டாயிற்று. இப்போதும் அவரைப் பார்த்தால் பிள்ளைகள் "மைலோ லாட் இருக்கா மாமா?" என்கிறார்கள்.

ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பத்து குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய பெல்லட் விட்டுப்போன ஈயப் படலமும் எண்ணெயும் போய் புதியது படிய வேண்டும். அதன்பிறகு பத்து. எல்லா டின்னும் முடிந்ததும் அதே வரிசையில் திரும்பச் சுடாமல் கடைசி டின்னிலிருந்து முதலுக்கு வாருங்கள். காலையில் கை தெளிவாக இருக்கும், பதினொரு மணிக்கு வெயில் ஏறித் தகரக் கூரை கொதிக்கும்போது யாருக்கும் கை தெளிவாக இருக்காது. ஒரே வரிசையில் சுட்டால் முதல் டின் எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருக்கும். முடிந்தால் எந்த டின் என்று சுடுபவருக்குச் சொல்லாமல் இன்னொருவர் எடுத்துக் கொடுக்கட்டும். விலை உயர்ந்த டின் என்று தெரிந்தாலே கை நிதானமாகிவிடுகிறது, நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு சுற்றிலும் பின்தங்கியவற்றை விடுங்கள். மிஞ்சும் இரண்டுக்கு ஆளுக்கு மூன்று பத்து. வித்தியாசம் தெரியவில்லையா? அப்படியானால் வித்தியாசம் இல்லை, மலிவானதை வாங்குங்கள். தேர்ந்தது எதுவோ, அந்த லாட்டில் காசு இருக்கும் அளவுக்கு டின் வாங்கிவையுங்கள். பெரும்பாலும் டின்னுக்கு 500 இருக்கும். வாரம் 200 சுடும் பிள்ளைக்கு அது மூன்று வாரத்துக்கும் வராது.

அறிகுறி: எட்டு ஒன்றாக, இரண்டு மட்டும் ஓடிப்போகிறது

அட்டையைப் பார்ப்பதற்கு முன் சுட்டவரே வாயால் சொல்ல வேண்டும்: "இது வலப்பக்கம் இழுத்துட்டேன்." சொன்ன பக்கமே போயிருந்தால் அது ஆளுடைய குண்டு, ரைபிளைக் கேட்காதீர்கள். சுத்தமாக விட்ட குண்டு ஓடினால்தான் பெல்லட் விசாரணை.

பாவாடை அவ்வளவு மெல்லியது, டின் ஒருமுறை கீழே விழுந்தால் பத்துப் பதினைந்து நசுங்கிவிடும். கூரியர் வேனில் உருண்டு வந்த டின்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பின்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வட்டம் கோணியவற்றைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். ஒரு கண்ணாடித் தட்டைச் சிறிது சாய்த்து உருட்டிப் பார்க்கும் பழக்கமும் உண்டு: நல்லது சீராக வளைந்து உருளும், கோணியது தத்தித் தத்திப் போகும். ஒவ்வொன்றையும் ஆயிரத்தில் ஒரு கிராம் காட்டும் தராசில் நிறுத்துப் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். நானும் ஒரு மழைக்காலம் முழுக்கச் செய்தேன். அட்டையில் எனக்கு எதுவும் தெரியவில்லை, கண்தான் எரிந்தது. பாவாடையைப் பார்ப்பது போதும்.

பெல்லட்டை வைக்கும் விதமும் ஒன்று. பாதி சாய்ந்த நிலையில் போல்ட்டைத் தள்ளினால் தலை ஒரு பக்கம் நசுங்கித்தான் நுழையும். தொட்டியில் நேராக உட்காரவைத்து, ஒரே வேகத்தில் மூடுங்கள். ஒரு குண்டு மட்டும் மிகக் கீழே போய், சத்தமும் மந்தமாக இருந்தால் உள்ளே இரண்டு பெல்லட் போயிருக்கலாம். பேசிக்கொண்டே சுடும்போது இது நடக்கும்.

அறிகுறி: மேலும் கீழுமாக நீள்கிறது

இது வேகத்தின் கையெழுத்து. இந்த ரைபிள்கள் பெல்லட்டை வினாடிக்கு 170 மீட்டர் அளவில் அனுப்புகின்றன. பத்து மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பு அதை ஏறக்குறைய 17 மி.மீ. இறக்கிவிடும், சைட்டைச் சரிசெய்யும்போது அந்த இறக்கத்தையும் சேர்த்தே சரிசெய்கிறோம். வேகம் 5 மீட்டர் குறைந்தால் இன்னொரு மி.மீ. இறங்கும். வேகம் அளக்கும் குரோனோகிராப் இருந்தால் பத்து குண்டு சுட்டு அதிக வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரண்டு மூன்று மீட்டர் என்றால் காற்றைக் குறை சொல்லாதீர்கள். எட்டு பத்து என்றால் அங்கேதான் கோளாறு.

முதலில் சிலிண்டரின் அழுத்த மீட்டர். 200 பார் அழுத்தத்தில் தொடங்குகிறோம், ரெகுலேட்டர் அதைக் குறைத்து ஒரே அளவாகக் கொடுக்கிறது. மீட்டர் முள் சிவப்புக்குப் பக்கத்தில் போனதும் ரெகுலேட்டருக்கு எடுத்துக் கொடுக்கக் காற்று இல்லை, குண்டு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். இப்படிக் கடைசி இருபது குண்டு ஏணி போல இறங்கிய அட்டையோடு ஒரு தங்கச்சி அழுதுகொண்டே வந்தாள். காற்று நிரப்பியதும் அழுகை நின்றது.

ஐந்து நிமிடம் சும்மா வைத்துவிட்டுச் சுடும் முதல் குண்டு மட்டும் எப்போதும் மேலே போனால், ரெகுலேட்டர் மெல்லக் கசிந்து அறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. இதைக் கழற்றாதீர்கள். நாற்பது வருடம் ஸ்பேனர் பிடித்த நானே கழற்றுவதில்லை. விற்றவர் சொல்லும் சர்வீஸ் ஆளிடம் அனுப்புகிறேன். 200 பார் காற்றுக்கு ஃபிட்டர் என்றும் தெரியாது, கிராணி என்றும் தெரியாது. அந்த மரைகளில் சாதாரண எண்ணெயோ கிரீஸோ தடவவும் கூடாது, உயர் அழுத்தக் காற்றில் அது தீப்பிடிக்கலாம். சிலிண்டரில் காற்றைத் தவிர வேறு வாயு போடக் கூடாது. அதன் மேல் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள்: போட்டி விதிப்படி அதிகபட்சம் பத்து வருடம்.

இரவில் 200 வரை நிரப்பி வைத்தேன், காலையில் 185தான் இருக்கிறது, லீக் என்று பதறுவார்கள். வேகமாக நிரப்பினால் காற்று சூடாகிறது, ஆறியதும் முள் இறங்குகிறது. மெதுவாக நிரப்பி, ஆறவிட்டு, மீதியை நிரப்புங்கள். அதன்பிறகும் நாளுக்கு நாள் இறங்கினால்தான் லீக். கைப்பம்பு வைத்திருப்பவர்கள் பம்பின் ஈரவடிகட்டியை மறக்க வேண்டாம். நம் ஊர்க் காற்றை அழுத்தினால் உள்ளே தண்ணீர்தான் சேரும்.

வேகம் சரியாக இருந்தும் நீண்டால் மணல் பையைப் பாருங்கள். ரைபிள் ஒவ்வொரு முறையும் பையின் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். கட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பேரல் மட்டும் பையில் படவே கூடாது.

அறிகுறி: இடமும் வலமுமாக நீள்கிறது

ரைபிள் சாய்கிறதா என்று பின்னால் நின்று ஒருவர் பார்க்கட்டும். மேலே சொன்ன 17 மி.மீ. இங்கேயும் வேலை செய்கிறது: ஐந்து டிகிரி சாய்ந்தால் குண்டு சாய்ந்த பக்கம் 1.5 மி.மீ. போகும். தசமக் கணக்கில் அது 0.6. எப்போதும் ஒரே அளவு சாய்த்தால் பரவாயில்லை, பலர் அப்படித்தான் சுடுகிறார்கள். ஒரு குண்டுக்கு ஒரு சாய்வு என்றால்தான் குரூப் படுத்துவிடும்.

அடுத்தது மின்விசிறி. நம் சுடுதளங்களில் சுவரோரம் ஆளுயர விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். அரைக் கிராம் பெல்லட்டுக்கு அது புயல். சோதிக்கும் அரை மணி நேரத்துக்கு அணைத்துவிட்டு வியர்வையோடு சுடுங்கள். மாலை வெயில் ஒரு பக்கத்து ஜன்னல் வழியாக முன் சைட்டில் விழுந்தாலும் கண் ஏமாறும். திரையை இழுத்துவிட்டுச் சுட்டுப் பாருங்கள்.

அறிகுறி: ஒரே அட்டையில் இரண்டு குரூப்

தனித்தனியாக இரண்டு நல்ல குரூப் என்றால் ஏதோ ஒன்று இரண்டு இடத்தில் உட்காருகிறது. டயாப்டர் ஸ்க்ரூ, கன்னம் வைக்கும் கட்டை, இல்லாவிட்டால் ஒரு டப்பாவில் கலந்துபோன இரண்டு லாட். டயாப்டரைத் திருப்பியபின் உள்ளே இருக்கும் தளர்வு முதல் ஒன்றிரண்டு குண்டில்தான் உட்காரும் ரைபிள்களும் உண்டு. இரண்டு கிளிக் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால் சரியாகும்.

அறிகுறி: முதல் சில குண்டு எங்கோ, அப்புறம் சரி. அல்லது முதலில் சரி, அப்புறம் கெடுகிறது

புது பேரலுக்குள் துருத்தடுப்பு எண்ணெய் இருக்கும். அதை எடுக்காமல் சுட்டால் முதல் நாள் முழுக்க அட்டை பொய் சொல்லும். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, கயிற்றில் ஃபெல்ட் கட்டி இழுங்கள். கறுப்பு வரும், சாம்பல் வரும், பிறகு ஏறக்குறைய வெள்ளையாக வரும். அதோடு நிறுத்தி இருபது முப்பது குண்டு சுடுங்கள், மெல்லிய ஈயப் படலம் சீராகப் படிந்ததும் குரூப் அடங்கும். பேரல் 'பழக' ஆயிரம் குண்டு சுட வேண்டும், ஒவ்வொரு குண்டுக்கும் துடைக்க வேண்டும் என்று ஒரு சடங்கு சொல்கிறார்கள். அது வெடிமருந்து ரைபிள்காரர்களின் பழக்கம். இந்த வேகத்தில் ஈயம் எஃகைத் தேய்த்து மெருகேற்றும் என்று நான் நம்பவில்லை. பழகுவது பெரும்பாலும் ஆள்தான்.

வாரங்கள் போகப் போக குரூப் வீங்கினால் ஈயம் கட்டியாகச் சேர்ந்திருக்கிறது. நான் ஒரு டின் முடியும்போது துடைக்கிறேன். அதற்கு முன்பே துடைக்கத் தோன்றினால் முதலில் அட்டையைப் பாருங்கள், குரூப் வீங்காதவரை பேரலைச் சும்மா விடலாம். துடைத்த அன்றே போட்டிக்குப் போகாதீர்கள்.

நம் ஈரம் இன்னொரு வேலையும் செய்யும். டின்னைத் திறந்தால் பெல்லட் மேல் வெள்ளை மாவு படிந்திருக்கிறதா? ஈயம் அரித்துவிட்டது. ஊதிவிட்டுச் சுடாதீர்கள், மாவு நச்சு, பேரலுக்கும் கெடுதல், டின்னோடு ஒதுக்குங்கள். மர அலமாரியிலும் அட்டைப்பெட்டியிலும் வைத்த டின் சீக்கிரம் இப்படி ஆகிறது. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வெள்ளை மாவு இல்லாவிட்டாலும் பெல்லட் தொட்ட கையோடு ரொட்டி சானாய் பிய்க்கும் பிள்ளைகளை நான் மேசையிலிருந்து எழுப்பிவிடுவேன். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வா, அப்புறம் சாப்பிடு.

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால்

இப்போது பேரலைச் சந்தேகிக்கலாம். போல்ட் திறந்து, சிலிண்டர் கழற்றி, பேரலின் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை முனையின் உள்விளிம்பில் மெதுவாகச் சுற்றுங்கள். பஞ்சின் இழை ஓரிடத்தில் மாட்டி நின்றால் அங்கே பிசிறு இருக்கிறது. பெல்லட் பேரலைவிட்டு வெளியேறும் கடைசி நொடியில் ஒரு பக்கம் மட்டும் காற்று முந்திக் கிளம்பினால் பெல்லட் தலையாட்டிக்கொண்டுதான் போகும். நான் பார்த்த அந்த ஒரே பேரலில் இருந்தது இதுதான். நாமே அரத்தை எடுத்துத் தேய்க்கக் கூடாது. தேய்த்த பேரலைக் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார்.

கடைக்குப் போகும்போது வாதத்தோடு போகாமல் அட்டைகளோடு போங்கள். மூன்று வெவ்வேறு லாட், ஒவ்வொன்றுக்கும் மூன்று பத்து. அதே டின்களை அதே நாளில் அதே மேசையில் வேறு ஒரு நல்ல ரைபிளில் சுட்ட அட்டைகள். இரண்டு ரைபிளையும் இன்னொருவர் சுட்டது ஒரு தொகுதி. ஒவ்வொன்றின் மூலையிலும் தேதி, லாட் நம்பர், மீட்டரில் காட்டிய பார். இவற்றோடு பெட்டிக்குள் வந்த தொழிற்சாலை அட்டை. அந்தப் பேரலை முதல்முறை ஐந்து குண்டு அட்டையோடு அனுப்பினோம், 'பெல்லட்டை மாற்றிப் பாருங்கள்' என்று ஒரு வரியில் திரும்பி வந்தது. அவர்கள் சொன்னது நியாயம்தான். இரண்டாம் முறை பதினெட்டு அட்டை போனது. இரண்டு மாதம் கழித்துப் புது பேரல் வந்தது.

அதற்குப் பெல்லட் தேடும் வேலை மறுபடியும் முதலிலிருந்து. பழைய பேரலுக்குப் பிடித்த லாட் இதற்குப் பிடிக்கவில்லை. மிச்சம் இருந்த ஆறு டின்னைக் கிராணி மாமா அரை விலைக்கு எடுத்துக்கொண்டார். டின்னோடுதான் கொடுத்தேன், மூடியைக் கழற்ற விடவில்லை.